சய ஒன்று 429 கோடி ஆன கதை

உயர்தரத்தில ஐசிடி படிச்ச எல்லாருக்கும் இரண்டின் நிரப்பி ஞாபகம் இருக்கும். பிட் எல்லாத்தையும் புரட்டு, பிறகு ஒன்று கூட்டு. ஏன் புரட்டுறம், ஏன் கூட்டுறம் என்று எங்கட வகுப்பில ஒருத்தன் கேட்டான். "பாஸ்பேப்பர்ல வரும், செய்து பழகு" என்பதுதான் கிடைத்த பதில். பழகினோம். புள்ளியும் வந்தது. பிறகு மறந்துவிட்டோம்.

எனக்கு அது திரும்ப ஞாபகம் வந்தது சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு இரவு பதினொரு மணிக்கு. சி மொழியில ஒரு பட்டியலைக் கடைசியில் இருந்து முதலுக்கு வாசிக்கிற சின்ன நிரல் ஒன்று எழுதியிருந்தேன். எண்ணி எண்ணிக் குறைந்து வர வேண்டும், பூச்சியத்துக்குக் கீழே போனதும் நிற்க வேண்டும். நிற்கவேயில்லை. லப்டொப்பின் காற்றாடி கத்தத் தொடங்கியதுதான் மிச்சம். காரணம் ஒரே ஒரு சொல். எண்ணியை நான் 'அன்சைன்ட்', அதாவது குறியில்லாத எண் என்று அறிவித்திருந்தேன். குறியில்லாத எண் பூச்சியத்துக்குக் கீழே போகாது. பூச்சியத்தில் இருந்து ஒன்றைக் கழித்தால் அது 4,294,967,295 ஆகிவிடும். "பூச்சியத்தை விடச் சிறிதா?" என்ற என்னுடைய கேள்விக்கு உலகம் அழியும்வரைக்கும் "இல்லை" என்றுதான் பதில் வந்திருக்கும்.

என்னுடைய பிழையால் கெட்டது ஒரு இரவு மட்டும்தான். இதே பிழை கேர்னலுக்குள் நடந்தால் என்ன ஆகும் என்று தேடப் போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது. கேர்னல் என்றால் இயங்குதளத்தின் நடுப்பகுதி. உங்கள் கையில் இருக்கிற அன்ட்ரொய்ட் போனின் அடியில் ஓடுவது லினக்ஸ் கேர்னல். நினைவகம், கோப்பு, வலையமைப்பு எல்லாவற்றுக்கும் சாவி அதனிடம்தான். வேறு எந்த நிரல் பிழை விட்டாலும் கேர்னல் அதைப் பிடித்து நிறுத்திவிடும். கேர்னலே பிழை விட்டால் பிடிக்க மேலே ஆள் இல்லை.

முதலில் அந்த நிரப்பியை ஒருதரம் ஒழுங்காகப் பார்த்துவிடுவோம். பழைய மோட்டார் சைக்கிளின் மைல் மீற்றரை நினைத்துக்கொள்ளுங்கோ. நாலு இலக்கம். 0000 இல் நிற்கும்போது சில்லைப் பின்னுக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் 9999 வரும். இப்ப அந்த 9999 என்றால் என்ன? ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஓடிய சைக்கிளா, ஒரு அடி பின்னுக்குப் போன சைக்கிளா? மீற்றரைப் பார்த்துச் சொல்ல முடியாது. சில்லுகளின் நிலை இரண்டுக்கும் ஒன்றுதான். கணினியிலும் அப்படியே: 32 பிட்டும் 1 ஆக இருந்தால், குறியுள்ள எண்ணாக வாசிக்கிறவருக்கு அது சய 1, குறியில்லாத எண்ணாக வாசிக்கிறவருக்கு அது 4,294,967,295. கம்பிக்குள் ஒரே மின்சாரம்தான் ஓடுது. அர்த்தம் வாசிக்கிறவரிடம் இருக்கு.

ஒருத்தரே முழுக்க வாசித்தால் பிரச்சினை இல்லை. ஒரு இடத்தில் ஒருத்தர் குறியுள்ளதாக வாசித்துச் "சரி, போகலாம்" என்று விட, அடுத்த இடத்தில் இன்னொருத்தர் குறியில்லாததாக வாசித்து அதைப் பாவித்தால்தான் வினை. வாசலில் சோதித்த ஆளும் உள்ளே போன ஆளும் வேறு வேறு. ஐம்பது வருடமாக இதே கதைதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கு.

தொடக்கம் பெல் ஆய்வகத்தில். 1970களின் முற்பகுதியில் டெனிஸ் ரிட்சி சி மொழியை வளர்த்ததும் யுனிக்ஸ் கேர்னல் அதில் திரும்ப எழுதப்பட்டதும் பிடிபி-11 என்ற 16 பிட் கணினியில்தான். 16 பிட்டில் குறியில்லாமல் 0 முதல் 65,535 வரை எண்ணலாம். குறியோடு என்றால் சய 32,768 முதல் 32,767 வரை. ஆரம்பகாலச் சி மொழியில் 'அன்சைன்ட்' என்ற சொல்லே இல்லை. அதை மொழியில் சேர்த்தது 1973க்குப் பிறகுதான். அப்ப 40,000 என்ற இடத்தையோ அளவையோ சாதாரண எண்ணாக வைத்தால் அது சய எண்ணாகிவிடும். "40,000 பெரிதா 100 பெரிதா?" என்று கேட்டால் 100 என்று பதில் வரும்.

ரிட்சியும் கென் தொம்சனும் என்ன செய்தார்கள் தெரியுமா? 1975இல் வந்த ஆறாம் பதிப்பு யுனிக்ஸில், எங்கே எவ்வளவு இடம் வெறுமையாக இருக்கு என்று வைத்திருக்கிற பட்டியல் ஒன்று இருக்கு. அதில் இரண்டு விபரம்: தொடக்கம், அளவு. அளவு என்பது வெறும் எண்தானே. ஆனால் அதை எண்ணாக அறிவிக்காமல், எழுத்தைச் சுட்டும் முகவரியாக, அதாவது சுட்டியாக, அறிவித்திருக்கிறார்கள். ஏனென்றால் முகவரிகளை ஒப்பிடும்போது கொம்பைலர் குறி பார்க்காது. குறியில்லாத எண் வேண்டும், மொழியில் அது இல்லை, அதனால முகவரிக்கு உடுப்பு மாற்றி எண்ணாக நடிக்க விட்டார்கள். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோன் லயன்ஸ் இந்தக் கேர்னலை வரி வரியாக விளக்கி மாணவர்களுக்கு ஒரு நூல் எழுதினார். பின்னாளில் அதை உலகம் முழுக்க ஃபோட்டோக் கொப்பி அடித்துப் படித்தார்கள். இந்த வேடத்தையும் அவர் அதில் விளக்கியிருக்கிறார்.

அந்த இயந்திரம் விட்டுப்போன இன்னொரு சொத்தும் உண்டு. பிடிபி-11 ஒரு பைட்டை ரெஜிஸ்டருக்குள் எடுக்கும்போது அதன் குறியையும் சேர்த்து நீட்டிவிடும். அதனால அந்த இயந்திரத்தில் சியின் 'சார்' குறியுள்ளதாக ஆனது. வேறு சில இயந்திரங்களில் அது குறியில்லாதது. 1978இல் வந்த கேர்னிகன்–ரிட்சி நூல் "இது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்" என்று சொல்லி விட்டுவிட்டது. விளைவு என்னவென்றால், இன்டெல் லப்டொப்பில் குறியுள்ளதாக இருக்கிற 'சார்', ஏஆர்எம் சிப் உள்ள போனில் குறியில்லாததாக இருக்கும். ஒரே வரி, இரண்டு அர்த்தம். லினக்ஸ் கேர்னல் இந்தக் கணக்கைத் தீர்த்தது 2023 பெப்ரவரியில் வெளியான 6.2ஆம் பதிப்பில்தான். ஜேசன் டொனன்ஃபெல்ட் கொண்டுவந்த மாற்றத்தின்படி எந்த இயந்திரமானாலும் 'சார்' குறியில்லாதது. பிடிபி-11 செய்த ஒரு தெரிவுக்கு ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து முடிவு.

1989இல் அமெரிக்கத் தர நிர்ணயக் குழு சி மொழிக்குச் சட்டம் எழுதியபோது இந்தக் கலப்புகளைப் பற்றி நிறையவே வாதாடினார்கள். சின்ன அன்சைன்ட் எண் ஒன்று கணக்குக்குள் வரும்போது அதன் குறியில்லாத்தன்மையைக் காப்பாற்றுவதா, பெறுமானத்தைக் காப்பாற்றுவதா என்பது சண்டை. பெறுமானக் கட்சி வென்றது. நடைமுறையில் இருந்த பல நிரல்கள் சத்தமில்லாமல் வேறு விடை தரும் என்று குழுவே தன் விளக்கவுரையில் ஒப்புக்கொண்டது. ஆனால் சம அளவுள்ள குறியுள்ள எண்ணும் குறியில்லாத எண்ணும் சந்தித்தால் குறியுள்ளது குறியை இழந்துவிடும் என்ற பழைய விதி அப்படியே நின்றது. அதனால சியில் சய 1ஐயும் அன்சைன்ட் 1ஐயும் ஒப்பிட்டால் சய 1தான் பெரிது. கணித ரீச்சர் கேட்டால் அழுதுவிடுவா.

இந்த இடத்தில் பலருக்கு ஏரியன் 5 ரொக்கெட் ஞாபகம் வரும். 1996 ஜூன் 4ஆந் திகதி, 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் குறியுள்ள நிறைவெண்ணாக மாற்றப் போய், அது கொள்ளாமல், புறப்பட்டு ஒரு நிமிடத்துக்குள் வெடித்த ரொக்கெட். நல்ல கதைதான். ஆனால் அது வேறு சாதி. அந்த மென்பொருள் எழுதப்பட்டது ஏடா என்ற மொழியில். மாற்றம் பிழைத்தபோது அது "பிழை!" என்று கத்தியது. கத்தியதைக் கேட்டு என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்காததால் கணினி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. சி கத்தாது. பிழையான எண்ணைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரிச்ச முகத்தோட நிற்கும்.

இனிக் கேர்னலுக்கு வருவோம்.

2002 ஓகஸ்டில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஒரு பாதுகாப்பு அறிவித்தல் விட்டது. வலையமைப்பில் "நான் யாரோட கதைக்கிறன்?" என்று ஒரு நிரல் கேர்னலைக் கேட்கிற அழைப்பு ஒன்று இருக்கு. கேட்கிறவர் தன் முகவரிப் பெட்டியின் நீளத்தையும் சொல்ல வேண்டும். கேர்னல் ஒழுங்காகத்தான் யோசித்தது: நீ கேட்ட நீளம், என்னிடம் உள்ள நீளம், இரண்டில் சின்னது எதுவோ அவ்வளவுதான் தருவேன். யாராவது பேராசைப்பட்டு ஒரு மெகாபைட் கேட்டாலும் சில பைட்தான் கிடைக்கும். அருமையான காவல்.

சய 1 பைட் தா என்று கேட்டால்?

நீளம் குறியுள்ள எண். சய 1, 16 இரண்டில் எது சின்னது? சய 1தான். சோதனை சரி. அடுத்த வரியில் அந்த நீளம் பிரதி எடுக்கிற செயற்கூறுக்குப் போகுது. அங்கே அது குறியில்லாதது. 429 கோடி பைட். கேர்னல் தன் வயிற்றில் இருப்பதை அள்ளி அள்ளி வெளியே கொடுக்கும். அந்த நினைவகத்தில் மற்றவர்களின் கோப்புத் துண்டுகள் இருக்கலாம், யாரோ விசைப்பலகையில் அடித்த கடவுச்சொல் இருக்கலாம் என்று அறிவித்தலே எச்சரித்தது.

இதில் எனக்குப் பிடித்த, உண்மையில் வயிற்றைக் கலக்கின விசயம் ஒன்று இருக்கு. அந்த இரண்டாவது வரியில் புரோகிராமர் "இதை அன்சைன்டாக மாற்று" என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார். மாற்றம் தற்செயலாக நடக்கவில்லை. கொம்பைலர் ஒருவேளை முணுமுணுத்திருக்கும், அதன் வாயை அடைக்க ஒரு சொல் போட்டிருப்பார்கள் என்று நான் ஊகிக்கிறேன். நாங்களும் வகுப்பில் அப்படித்தானே செய்யிறம்? மஞ்சள் எச்சரிக்கை வந்தால் முன்னுக்கு அடைப்புக்குறிக்குள் ஒரு வகையைப் போட்டு மறைச்சுவிடுவம்.

இது நடக்கிறதுக்கு ஒரு வருடம் முன்பு, 2001 ஓகஸ்டில், லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் 2.4.9இல் ஒரு காரியம் செய்தார். இரண்டில் சின்னதை எடுக்கிற 'மின்' என்ற மக்ரோவை மாற்றி, "எந்த வகை எண்ணாக ஒப்பிடுறாய் என்று முதலில் சொல்லு" என்று மூன்றாவது விபரம் ஒன்றைக் கட்டாயமாக்கினார். ஃப்ரீபிஎஸ்டியைக் கவிழ்த்த அதே வகை ஒப்பீடு. ஆனால் நிலையான தொடர் என்று சொல்லப்பட்ட ஒரு பதிப்பில் திடீரென்று இப்படி மாற்றினதால் டிரைவர் எழுதுகிறவர்கள் கொதித்துப் போனார்கள். அடுத்த பதிப்பில் சமரசம்: சாதாரண 'மின்' இரண்டு விபரத்தோடே இருக்கும், ஆனால் இரண்டும் ஒரே வகை இல்லையென்றால் கொம்பைலர் எச்சரிக்கும், வகையை நீங்களே சொல்ல வேண்டுமென்றால் அதற்கு 'மின்-டி' என்று இன்னொன்று. இந்த ஏற்பாடு இருபது வருடத்துக்கு மேல் நின்றது. அதற்கும் ஒரு பக்கவிளைவு: எச்சரிக்கை வந்தால் கனபேர் வகையைத் திருத்தாமல் 'மின்-டி'யைப் போட்டுவிட்டுப் போனார்கள். 'மின்-டி' என்பதும் வாயை அடைக்கிற வேலைதான், கொஞ்சம் நாகரிகமாக. பிறகு 'மின்' மக்ரோவைக் குறியை மட்டும் பார்க்கிற மாதிரிக் கெட்டிக்காரத்தனமாக எழுதினார்கள். 2024இல், 'மின்'னுக்குள் 'மின்' வைத்து எழுதிய கேர்னலின் ஒரே ஒரு வரி, மக்ரோக்கள் விரிந்த பிறகு 47 மெகாபைட் ஆகுது என்று ஒருவர் கண்டுபிடித்தார். ஒரு வரி. 47 மெகாபைட். சய எண்ணுக்குப் பயந்த பயம் எவ்வளவு என்று அதில் தெரியும்.

'மின்'னைக் காவல் வைத்தாச்சு, லினக்ஸ் தப்பியது என்று நினைத்தால் பிழை. 'மின்' இல்லாத இடத்திலும் எண்கள் ஒப்பிடப்படுகின்றன.

2011 ஜனவரியில் லினக்ஸ் 2.6.37 வெளியானது. கேர்னலில் 'பேர்ஃப்' என்றொரு பகுதி உண்டு. கணினி எங்கே நேரம் செலவழிக்குது என்று அளக்கிறதுக்கு. எந்த நிகழ்வை எண்ண வேண்டும் என்று நிரல் ஒரு எண்ணால் சொல்லும். அந்த எண் 64 பிட், குறியில்லாதது. மென்பொருள் நிகழ்வுகள் மொத்தம் 9. தொடக்கச் செயற்கூறு அந்த எண்ணை எடுத்துச் சாதாரண 'இன்ட்' ஒன்றில் போட்டது. 64 பிட் 32 ஆனது, குறியில்லாதது குறியுள்ளதாக ஆனது, எல்லாம் ஒரு சமன் அடையாளத்துக்குள். பிறகு சோதனை: 9 அல்லது அதைவிடப் பெரிது என்றால் வெளியே போ. சய எண் 9ஐ விடப் பெரிதில்லை. உள்ளே வா. பட்டியலின் சய ஒன்றாவது பெட்டி, சய ஆயிரமாவது பெட்டி என்று பட்டியலுக்கு வெளியே உள்ள கேர்னல் நினைவகத்தில் ஒன்றைக் கூட்டிவிடும்.

இதைவிட விசித்திரம், அதே கோப்பில் அந்த நிகழ்வை முடித்துவைக்கிற செயற்கூறு அதே எண்ணை 64 பிட் குறியில்லாததாகச் சரியாகவே வைத்திருந்தது. அதனால 4,294,967,295 என்று கொடுத்தால், தொடங்கும்போது சய ஒன்றாவது பெட்டியில் ஒன்று கூடும். முடிக்கும்போது 429 கோடியாவது பெட்டியில் ஒன்று குறையும். கேர்னலின் பட்டியல் முகவரி வெளியின் உச்சியில் இருப்பதால் அவ்வளவு தூரம் கூட்டும்போது உச்சி தாண்டி, மைல் மீற்றர் மாதிரிச் சுற்றி, அடியில் உள்ள சாதாரணப் பாவனையாளரின் நினைவகத்துக்கே வந்து விழும். தாக்குகிறவர் தன் வீட்டுக்குள்ளேயே எங்கே ஒன்று குறைந்தது என்று பார்த்து, கேர்னலின் பட்டியல் எங்கே இருக்கு என்று கணக்குப் பண்ணலாம். ஒரு எண்ணை இரண்டு பேர் இரண்டு மாதிரி வாசித்ததால் பூட்டும் உடைந்தது, வீட்டு வரைபடமும் கிடைத்தது.

2013 ஏப்ரலில் டொமி ரண்டலா என்பவர் இதைக் கண்டுபிடித்தார். கோட்டை வாசித்து அல்ல. 'டிரினிட்டி' என்று ஒரு கருவி இருக்கு. கேர்னலின் எல்லா அழைப்புகளுக்குள்ளும் கண்டபடி எண்களைப் போட்டு எறிந்து பார்க்கும். அது எறிந்த கல் பட்டது. அவர் அனுப்பிய திருத்தம் ஒரு சொல்: 'இன்ட்' என்பதை 64 பிட் அன்சைன்ட் என்று மாற்றுதல். அது சாதாரணப் பிழைத் திருத்தம் மாதிரிச் சேர்க்கப்பட்டது. பாதுகாப்பு எச்சரிக்கை எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்து, மே நடுப்பகுதியில், நூறு வரி அளவான ஒரு நிரல் பொதுவெளியில் வந்தது. சாதாரணப் பாவனையாளர் அதை ஓட்டினால் ரூட் அதிகாரம் கைக்கு வரும். அந்த நிரலின் தலைப்பில் எழுதியிருந்த வருடம் 2010. உண்மையோ நக்கலோ, உண்மை என்றால் ஓட்டை பதிப்பாக வெளியாக முதலே ஒருத்தர் அதைக் கண்டு சட்டைப்பைக்குள் வைத்திருந்திருக்கிறார்.

அந்த நிரலின் வேலைப்பாட்டைச் சொல்லாமல் விட மனமில்லை. கேர்னலின் முகவரிகளின் மேற்பாதி 32 பிட்டும் 1 ஆக இருக்கும். பாவனையாளரின் முகவரிகளில் அது பூச்சியம். கையில் உள்ள வல்லமையோ ஒன்றைக் கூட்டுவது மட்டும். இடைநிறுத்த அட்டவணையில் ஒரு கேர்னல் முகவரியின் மேற்பாதியில் ஒன்றைக் கூட்டினார்கள். எல்லாம் 1 என்றால் சய 1 தானே. சய 1 உடன் 1 கூட்டினால் 0. கேர்னலுக்குப் போக வேண்டிய வழி பாவனையாளரின் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. அவர்கள் தெரிவு செய்த இடைநிறுத்தத்தின் இலக்கம் 4. இன்டெல் சிப்பில் அந்த 4 எதற்கு ஒதுக்கப்பட்டது தெரியுமா? எண் கொள்ளளவைத் தாண்டி வழிந்தால் அறிவிப்பதற்கு.

2013இல் இது சேர்வர்களோடு நிற்கவில்லை. அன்ட்ரொய்ட் போன்களை ரூட் பண்ணவும் இதே ஓட்டை பாவிக்கப்பட்டது. அப்ப விற்ற கன போன்களில் இருந்தது 3.0, 3.4 கேர்னல். அவற்றுக்குத் திருத்தம் வருவது போன் நிறுவனத்தின் மனதைப் பொறுத்தது. புது மொடல் வந்த பிறகு பழைய போனை யார் பார்க்கிறது? எங்கட வீட்டு லாச்சிக்குள்ள அந்தக் காலத்துப் போன் ஒன்று இன்னும் கிடக்கு. அம்மம்மா அதில்தான் பாட்டுக் கேட்பா.

இதற்குப் பிறகு எல்லாரும் கவனமாகத்தானே இருந்திருப்பார்கள்? 2021 ஜூலையில் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 'சிக்கோயா' என்று பெயர் வைத்து இன்னொன்றை வெளியிட்டார்கள். இதில் மாற்றம் வேறு திசை. குறியில்லாத 64 பிட் அளவு ஒன்று, குறியுள்ள 32 பிட் 'இன்ட்' கேட்கிற செயற்கூறுக்குக் கொடுக்கப்பட்டது. அந்த மாற்றம் கோட்டில் நெடுநாளாகக் கிடந்தது, யாருக்கும் கெடுதி செய்யாமல். ஏனென்றால் அந்த அளவு சில மெகாபைட்டைத் தாண்ட முடியாமல் பக்கத்தில் வேறொரு வரம்பு இருந்தது. 2014இல், 3.16ஆம் பதிப்பில், பெரிய கோப்புகளை வாசிக்க வசதியாக அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். நல்ல நோக்கம். எடுத்தவர் தான் மாற்றிய வரியைத்தான் பார்த்தார். இரண்டு வீடு தள்ளி அந்த வரம்பை நம்பி ஒருத்தர் நித்திரை கொள்கிறார் என்று அவருக்குத் தெரியாது.

அதைப் பாவித்த விதம் பார்த்தால் சிரிப்பு வரும். ஒன்றுக்குள் ஒன்றாக ஏறத்தாழ பத்து இலட்சம் ஃபோல்டர் செய்து, பாதையின் நீளம் மட்டும் ஒரு கிகாபைட்டைத் தாண்டுகிற மாதிரி வைப்பது. அந்தப் பாதையை எழுத இடம் போதவில்லை என்று கேர்னல் தன் இடத்தை இரண்டு மடங்கு, இரண்டு மடங்கு என்று கூட்டிக்கொண்டு போகும். 2 கிகாபைட் ஆகும்போது எண் 2,147,483,648. குறியுள்ள 32 பிட்டின் உச்சியை விட ஒன்று கூட. உடனே அது சய 2,147,483,648 ஆகும். கேர்னல் எழுத வேண்டிய இடத்துக்கு 2 கிகாபைட் கீழே போய் "அழிக்கப்பட்டது" என்ற அர்த்தமுள்ள ஒரு சொல்லை எழுதும். அந்த ஒரு சொல்லை வைத்தே உபுண்டு, டெபியன், ஃபெடோரா கணினிகளில் ரூட் எடுத்துக் காட்டினார்கள்.

இந்தக் கதைகளைக் கேட்டதும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று: கொம்பைலரில் குறி கலந்தால் எச்சரிக்கிற வசதி இருக்குத்தானே, அதைப் போட்டால் என்ன? லினக்ஸில் அது வழமையாக அணைத்தே இருக்கு. போட்டால் எச்சரிக்கைகள் மழையாகக் கொட்டும், பெரும்பாலானவை பாதகமில்லாதவை என்பது டோர்வால்ட்ஸ் பலமுறை சொன்ன நியாயம். முதல்தரம் வாசிக்கும்போது எனக்கு இது சோம்பேறி நியாயமாகத்தான் பட்டது. பிறகு ஃப்ரீபிஎஸ்டியின் அந்த இரண்டாவது வரியை யோசித்துப் பார்த்தேன். ஆயிரம் எச்சரிக்கை வந்தால் மனிசர் ஆயிரம் இடத்தில் வாயை அடைப்பார்கள். அடைத்த பிறகு பிழை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். இப்போது நான் பாதி அவர் பக்கம். மீதிப் பாதி இன்னும் சமாதானமாகவில்லை. ஏனென்றால் 2013இல் ஒரு 'இன்ட்'டைக் கண்டுபிடித்தது மனிசக் கண் இல்லை, கண்டபடி கல்லெறிந்த ஒரு கருவி.

"கவனமாக எழுது" என்ற அறிவுரையை நான் இப்போது நம்புவதில்லை. பேர்ஃப் கோட்டை எழுதியவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. உலகத்திலேயே தேர்ந்த கேர்னல் ஆட்கள். உண்மையில் பலன் தந்த வழிகள் வேறு மாதிரி. எண் வெளியில் இருந்து வரும்போது என்ன வகையோ, கடைசி வரை அதே வகையில் வைத்துச் சோதிப்பது. கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் பார்ப்பது. 2018இல் கேர்னலுக்குள் வந்த கூட்டல், பெருக்கல் உதவிச் செயற்கூறுகள், விடை கொள்ளுமா கொள்ளாதா என்று கொம்பைலரிடமே கேட்டுச் சொல்லும். கேர்னலின் பல செயற்கூறுகள் பிழை நடந்தால் சய எண்ணைத் திருப்பித் தரும், அதை ஒருத்தர் அன்சைன்ட் பெட்டியில் வாங்கிவிட்டுப் "பூச்சியத்தை விடச் சிறிதா?" என்று கேட்டால் என்னுடைய இரவுப் பிழைதான், பதில் எப்போதும் இல்லை. இப்படிப்பட்ட வரிகளைத் தேடிப் பிடிக்க 'கொக்சினெல்' என்ற கருவிக்குத் தனியாக ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். 6.1ஆம் பதிப்பில் இருந்து கேர்னலுக்குள் கால் வைத்திருக்கிற ரஸ்ட் மொழி, ஒரு வகை எண்ணை இன்னொரு வகைக்குச் சத்தமில்லாமல் மாற்றவே விடாது. ஆனாலும் ரஸ்டிலும் வாயை அடைக்க ஒரு சின்னச் சொல் இருக்கு. ஆசைப்பட்டால் அதையும் போடலாம்.

இன்னொரு வழி எனக்குக் கூடப் பிடிக்கும், கொஞ்சம் கிழவித்தனமான வழி என்றாலும். உள்ளே எத்தனை டிரைவர்கள், எத்தனை கோப்பு முறைமைகள் நீளத்தை 'இன்ட்'டில் வைத்திருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் திருத்த ஆயுள் போதாது. அதனால் 'ரீட்', 'ரைட்' அழைப்புகளின் வாசலிலேயே லினக்ஸ் ஒரு வரம்பைப் போட்டது: எவ்வளவு கேட்டாலும், 64 பிட் கணினியாக இருந்தாலும், ஒரு தடவைக்கு 'இன்ட்'டுக்குள் கொள்கிற அளவுதான். உள்ளே இருக்கிறவர் பிழையாக வாசித்தாலும் எண் சய எண்ணாக முடியாது. சிக்கோயாவுக்குத் திருத்தம் செய்தபோது அவர்கள் எடுத்துவந்து மாட்டியதும் இதே வரம்பைத்தான்.

லினக்ஸ் உள்ள கணினி இருந்தால் நீங்களே பார்க்கலாம். 3 கிகாபைட் கோப்பு ஒன்றைத் திறந்து, ஒரே 'ரீட்' அழைப்பில் முழுவதையும் தா என்று கேளுங்கோ. எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 2,147,479,552 பைட்டோடு நிற்கும். மிச்சத்துக்குத் திரும்ப வந்து கேட்க வேண்டும்.